ஒப்புக்குச் சப்பாணி யாரும் இல்லை!

தெருவில் விளையாடி வளர்ந்த எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரியும். ஒப்புக்குச் சப்பாணி.

இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நிற்பார்கள். நன்றாக ஆடுகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பிரித்துக்கொள்வார்கள். கடைசியில் ஒரு குட்டிப் பையன் மிஞ்சுவான். யாருடைய தம்பியாகவாவது இருப்பான். விட்டால் வீட்டில் போய் அழுவான். 'சரி, நீ ஒப்புக்குச் சப்பாணிடா' என்று சொல்லி, ஓரமாக நிறுத்திவிடுவார்கள். அவன் அவுட் ஆனாலும் கணக்கில்லை. ரன் எடுத்தாலும் கணக்கில்லை.

அதில் கொஞ்சம் பாசம் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றும் இருந்தது. அந்தச் சொல்லே நடக்க முடியாதவர்களைக் குத்தும் சொல் என்பது, வளர்ந்த பிறகுதான் பலருக்கு உறைக்கிறது.

அந்தக் குட்டிப் பையனை நிஜமாகவே ஆட்டத்துக்குள் கொண்டுவருவது எப்படி? கிரவுண்டு பக்கமே வராமல் தெருமுனையில் நிற்கும் 16 வயதுப் பையனை, வீட்டில் அனுமதி கிடைக்காத 14 வயதுப் பெண்ணை எப்படி வரவைப்பது? வந்த பிறகு அவர்களோடு என்ன பேசுவது? இதைச் சொல்லித்தர ஒரு படிப்பு இருக்கிறது. அதைப் படிப்பவர்கள் பிள்ளைகள் இல்லை. 30, 40, 50 வயதுக்காரர்கள். பார்க்கிற வேலையை விடாமல், மாலையிலும் வார இறுதியிலும் படிக்கிறார்கள்.

பிரிட்டனில் இதை 'இளைஞர் மற்றும் சமூகப் பணி' என்கிறார்கள். அந்தப் பணியை விளையாட்டின் வழியாகச் செய்யக் கற்பது அதில் ஒரு கிளை. நமக்கு பி.டி. மாஸ்டரைத் தெரியும், கோச்சைத் தெரியும், சமூக சேவகரைத் தெரியும். மூவரும் ஒரே ஆளாக வந்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அப்படி ஒருவரை உருவாக்கும் படிப்பு இது.

மாலை 6 மணி வகுப்பு

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். லண்டன் புறநகரில் பேருந்து ஓட்டுகிறார். வயது 38. இளமையில் நன்றாகக் கால்பந்து ஆடியவர். முழங்கால் போனதும் நிறுத்திவிட்டார். சனிக்கிழமைகளில் தன் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பயிற்சி தருகிறார். இவர் கற்பனை மனிதர்தான். ஆனால், வகுப்பில் இவர் படிக்கும் விஷயங்கள் எல்லாம் நிஜம்.

'இதை முறையாகப் படித்தால் என்ன?' என்று யாரோ சொல்ல, பகுதி நேர வகுப்பில் சேர்கிறார். பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து 20 வருஷம் ஆகிவிட்டது. பக்கத்தில் மூன்று பிள்ளைகளின் அம்மா ஒருவர், செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் ஒருவர், கிடங்கில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கக் கண்களோடு வந்திருக்கும் ஓர் இளைஞர்.

முதல் நாள். 'உங்க டீம்ல எத்தனை பேர்?' என்று கேட்கிறார் ஆசிரியை.

'18 பேர்' என்கிறார் ஓட்டுநர், கொஞ்சம் பெருமையாக.

'மூணு மாசத்துக்கு முன்னாடி?'

'22 இருந்தாங்க.'

'அந்த நாலு பேர் எங்கே?'

'ஆர்வம் இல்லை, நின்னுட்டாங்க.'

'அப்படின்னு அவங்க சொன்னாங்களா?'

ஓட்டுநரிடம் பதில் இல்லை. அந்த நான்கு பேரில் ஒருவரையாவது போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். அதுதான் அவருடைய முதல் வீட்டுப்பாடம்.

துணிக்கடை ஊழியரில் தொடங்கிய கதை

விளையாட்டையும் இளைஞர் நலனையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் புதியதல்ல. 1844ல் லண்டனில், துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த 22 வயது ஜார்ஜ் வில்லியம்ஸ், தன்னைப் போல் ஊரை விட்டு வந்து கடைகளில் உழைக்கும் இளைஞர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் ஒய்.எம்.சி.ஏ. பிரார்த்தனையும் பைபிள் படிப்புமாகத் தொடங்கிய சங்கம், அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போனதும் விளையாட்டையும் கையில் எடுத்தது.

1891ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு ஒரு தலைவலி. குளிர்காலம். வெளியே ஆட முடியாது. உள்ளே அடைந்துகிடக்கும் மாணவர்கள் பொறுமையிழந்துவிட்டார்கள். பீச் பழக் கூடையை பால்கனியில் மாட்டிப் பந்தைப் போடச் சொன்னார். பாஸ்கெட்பால் பிறந்தது. நான்கு வருடம் கழித்து, அதே மாநிலத்தின் ஹோலியோக் நகரில், இன்னொரு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளரான வில்லியம் மார்கன், கொஞ்சம் வயதானவர்களும் முட்டி மோதாமல் ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று யோசித்தார். வாலிபால் வந்தது. நம் கிராமங்களில் மாலையானால் வலை கட்டி ஆடுகிறார்களே, அதே வாலிபால்தான்.

இரண்டு விளையாட்டுகளும் ஒரே மாதிரிதான் பிறந்தன. முன்னால் நிற்கும் ஆட்களைப் பார்த்து, அவர்களுக்கு ஏற்றபடி விளையாட்டை அமைத்திருக்கிறார்கள். இன்றைய படிப்பின் அடிப்படைப் பாடமும் அதுதான்.

அந்த வழியில் சென்னைக்கும் பங்குண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ல் இங்கே தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி, இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியைத் தயார்செய்ததில் பக்குக்கு முக்கியப் பங்கு இருந்தது.

பிரிட்டனில் இது ஒரு தொழிலாக உருவெடுத்தது 1960க்குப் பிறகு. அந்த ஆண்டு வெளியான ஆல்பமார்ல் குழு அறிக்கை, இளைஞர் பணிக்குப் பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை என்று அரசுக்குச் சொன்னது. அடுத்த ஆண்டே லெஸ்டர் நகரில் இதற்கென ஒரு தேசியக் கல்லூரி திறந்தார்கள். ஓராண்டுப் பயிற்சி. வேறு வேலைகளில் இருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1970 வரை அது நடந்தது. பெரியவர்களாகிய பிறகும் இந்த வேலையைக் கற்கலாம் என்பதை அந்தக் கல்லூரி காட்டிவிட்டது.

படிகள் எத்தனை?

இன்று இங்கிலாந்தில் நம் ஓட்டுநர் போன்றவர் இப்படித்தான் ஏறிப் போகலாம். முதலில் 'நிலை 2', பிறகு 'நிலை 3'. ஏறக்குறைய நம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அளவுள்ள சான்றிதழ்கள். இவற்றை வைத்துக்கொண்டு இளைஞர் மையங்களில் உதவிப் பணியாளராக இருக்கலாம். முழுத் தகுதி பெற்ற இளைஞர் பணியாளர் ஆக, 2010 முதல் ஹானர்ஸ் பட்டம் வேண்டும்; வேறு பட்டம் உள்ளவர்கள் முதுநிலைப் படிப்பு வழியாகவும் வரலாம். பகுதி நேரமாகப் படித்தால் பட்டத்துக்குக் கூடுதல் வருடங்கள் ஆகும். பகுதி நேர மாணவர்களும் கட்டணத்துக்கு அரசுக் கடன் வாங்கலாம். ஆனால், முழுநேரப் படிப்பில் குறைந்தது கால் பங்கு அளவாவது ஆண்டுதோறும் படிக்க வேண்டும்.

பாடப்புத்தகம் மட்டும் படித்துத் தேறிவிட முடியாது. களப்பணி நூற்றுக்கணக்கான மணி நேரம் செய்தாக வேண்டும். இளைஞர் மையத்திலோ கிரவுண்டிலோ நிஜமான பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் மேற்பார்வையாளராக இருப்பார். அவரோடு அடிக்கடி உட்கார்ந்து, நடந்ததைப் பேச வேண்டும்.

ஏற்கெனவே தன்னார்வலராக இருப்பவர்களுக்கு இது வசதி. சனிக்கிழமை செய்வதை, செவ்வாய்க்கிழமை வகுப்பில் வைத்து அலசலாம். செவ்வாய்க்கிழமை கேட்டதை, சனிக்கிழமை செய்து பார்க்கலாம்.

பந்து மட்டும் போதுமா?

ஓட்டுநருக்கு முதல் அடி விழுந்த வகுப்பு இது. 'விளையாட்டு பிள்ளைகளை நல்வழிப்படுத்தும்' என்று அவர் மனதார நம்புபவர். 'எப்படி?' என்று கேட்டார்கள். 'கெட்ட சகவாசம் போகும்' என்றார். 'எப்படிப் போகும்?' என்று திரும்பக் கேட்டார்கள்.

பிரிட்டிஷ் ஆய்வாளர் ஃபிரெட் கோல்ட்டர் பல வருடம் இதே கேள்வியைக் கேட்டவர். 2007ல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். விளையாட்டு தானாக யாரையும் நல்லவராக்கிவிடாது என்பது அவர் வாதம். யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார், கூடவே என்ன கிடைக்கிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. அவர் திட்டங்களை இரண்டு வகையாகப் பிரித்தார். விளையாட்டை முதன்மையாக வைத்து, கூடவே நல்ல விஷயங்களைச் சேர்ப்பது ஒரு வகை. கல்வியையோ ஆரோக்கியத்தையோ முதன்மையாக வைத்து, பிள்ளைகளை வரவழைக்க விளையாட்டைப் பயன்படுத்துவது இன்னொரு வகை. தான் நடத்துவது எந்த வகை என்று தெரியாமலேயே பலர் நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பில் ஓர் உதாரணம் வரும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் கிளெனார்டன் என்ற சிறிய ஊர். அதன் நிர்வாகியாக இருந்த ஸ்டாண்டிஃபர், 1986ல் நள்ளிரவு பாஸ்கெட்பால் போட்டிகளைத் தொடங்கினார். 17 முதல் 21 வயது ஆண்களுக்கு, இரவு 10 மணி முதல் 2 மணி வரை ஆட்டம். சீருடையில் இரண்டு போலீஸார் இருக்க வேண்டும் என்பது விதி. குற்றங்கள் அதிகம் நடக்கும் நேரத்தில் பையன்கள் உள்ளே இருப்பார்கள் என்பது கணக்கு. யோசனை நாடெங்கும் பரவியது. 1994ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதைப் புகழ்ந்தும் கிண்டலடித்தும் பேசினார்கள்.

'இரவு 2 மணிக்கு ஆட்டம் முடிஞ்சதும் அந்தப் பையன் எங்கே போவான்?' என்று கேட்டார் ஆசிரியை. வகுப்பு அமைதியானது. வேலையில்லாதவனுக்கு வேலை தேட உதவி, படிப்பை விட்டவனுக்குத் திரும்பச் சேர ஒரு வழி, பேச ஒரு நம்பகமான ஆள். இவை கூட இருந்தால்தான் அந்த நான்கு மணி நேரத்துக்குப் பொருள் உண்டு.

நடுவர் இல்லாத ஆட்டம்

1994 உலகக் கோப்பை. கொலம்பியா வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தவறுதலாகத் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துவிட்டார். ஊர் திரும்பிய சில நாளில், ஜூலை 2 அன்று, மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகமே அதிர்ந்தது.

யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியர் அப்போது அந்த நகரில் இருந்தார். கால்பந்தின் பெயரால் உயிர் போன ஊரில், அதே கால்பந்தை வைத்துச் சண்டையைக் குறைக்க முடியுமா என்று யோசித்தார். 1996ல் மெதெயினில் 'அமைதிக்காகக் கால்பந்து' திட்டம் பிறந்தது. எதிரெதிர் கும்பல் பகுதிகளில் வாழும் பிள்ளைகள் ஆடினார்கள். விதிகளை மட்டும் மாற்றினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்த அணி. முதல் கோலைப் பெண்தான் போட வேண்டும். நடுவர் கிடையாது. ஆட்டத்துக்கு முன்பு எல்லோரும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவுசெய்ய வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி உட்கார்ந்து, சொன்னபடி நடந்தோமா என்று பேச வேண்டும்.

இன்று பல நாடுகளில் 'ஃபுட்பால் 3' என்ற பெயரில் இது நடக்கிறது. பேச்சு, ஆட்டம், பேச்சு என்று மூன்று பகுதி. நேர்மையாக ஆடியதற்கும் புள்ளி உண்டு. பெண் கோல் போட வேண்டும் என்ற ஒரே விதி என்ன செய்யும் என்று பாருங்கள். இதுவரை அவளுக்குப் பந்தைத் தராதவன், இனி தந்தே ஆக வேண்டும். இதை யாரும் மேடையேறிப் பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பாடம். கென்யத் தலைநகர் நைரோபியில் மதாரே என்ற பெரிய குடிசைப் பகுதி. 1987ல் கனடாக்காரரான பாப் மன்ரோ அங்கே இளைஞர் விளையாட்டுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். லீக் ஆட்டத்தில் வென்றால் 3 புள்ளி. தன் பகுதியில் குப்பை அள்ளும் பணியைச் செய்து முடித்தால் 6 புள்ளி! பந்து ஆட வந்த பிள்ளைகள் சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் கோச்சாகவும் நிர்வாகியாகவும் ஆனார்கள். அந்த மண்ணில் முளைத்த மதாரே யுனைடெட் அணி, 2008ல் கென்ய பிரீமியர் லீக்கையே வென்றது.

வெயிலில் நிற்கும் பிள்ளைகள்

'ஏணி' வகுப்பு எல்லோருக்கும் சங்கடமானது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992ல் யுனிசெஃப் வெளியீட்டில் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை விளக்கினார். ஒரு நிகழ்ச்சியில் பிள்ளைகளுக்கு நிஜமாகவே எவ்வளவு பங்கு இருக்கிறது என்று அளக்கும் ஏணி. கீழே உள்ள மூன்று படிகள் பங்கேற்பே இல்லை என்கிறார் அவர். பிள்ளைகளைத் தம் காரியத்துக்கு ஆட்டிவைப்பது ஒரு படி. அலங்காரமாக நிறுத்துவது ஒரு படி. பெயருக்குச் சேர்த்துக்கொள்வது ஒரு படி.

நம் ஊர் விளையாட்டு விழாக்களை நினைத்துப் பாருங்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை வெயிலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் எந்தப் படியில் இருக்கிறார்கள்? ஏணியின் மேல் படிகளில், பிள்ளைகளே யோசனை சொல்கிறார்கள். பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கிறார்கள்.

ஓட்டுநர் தன் சனிக்கிழமையை எண்ணிப் பார்த்தார். அணியைப் பிரிப்பது அவர். நேரம் குறிப்பது அவர். யார் கோல்கீப்பர் என்று சொல்வதும் அவர். 18 பேரும் ஆடினார்கள். ஒருவரும் எதையும் தீர்மானிக்கவில்லை.

இன்னொரு எளிய கருவியும் கற்றார். இடம், ஆட்டம், கருவி, ஆள். யாராவது ஆட முடியாமல் தவித்தால் இந்த நான்கில் ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். மைதானத்தைச் சின்னதாக்கலாம். விதியைத் தளர்த்தலாம். மெதுவாக உருளும் பெரிய பந்தைத் தரலாம். ஆளுக்கு ஆள் துணை மாற்றலாம். குறை பிள்ளையிடம் இருப்பதாக முடிவுகட்டும் முன், ஆட்டத்தைத் திருத்திப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கைக்கும் விதி உண்டு

சிரிப்பே இல்லாத வகுப்பு ஒன்று உண்டு. பாதுகாப்பு வகுப்பு.

2016 நவம்பரில், இங்கிலாந்தின் முன்னாள் கால்பந்து வீரர்கள் சிலர், சிறு வயதில் பயிற்சியாளர்களால் தாங்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானதை வெளியே சொன்னார்கள். ஒருவர் பேசியதும் பலர் பேசினார்கள். 2021ல் வெளியான சுயேச்சை விசாரணை அறிக்கை, 1990களின் பிற்பாதியில் கால்பந்து சங்கம் பிள்ளைகளைப் பாதுகாக்கப் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றது. 2022ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆசிரியர்களைப் போலவே விளையாட்டுப் பயிற்சியாளர்களும், தங்களிடம் பயிலும் 16, 17 வயதினரோடு பாலுறவு கொள்வது குற்றமானது.

கோச் என்பவர் பிள்ளைகளுக்குப் பெரிய ஆள். அவர் சொன்னால் அணியில் இடம்; அவர் முகம் சுளித்தால் பெஞ்ச். அந்த அதிகாரமே ஆபத்து. அதனால்தான் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்காதே, தனிப்பட்ட முறையில் ரகசியமாகச் செய்தி அனுப்பாதே, 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தருகிறார்கள். கடைசி விதி முக்கியம். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், அதை உரியவரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும்.

நம் நாட்டிலும் 2012ல் வந்த போக்சோ சட்டம் அதையே சொல்கிறது. தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. தெருக் குழு நடத்தும் ஒவ்வோர் அண்ணனின் போனிலும் இருக்க வேண்டிய எண் அது.

இரவு 11 மணி நோட்டு

பகல் ஷிஃப்ட் முடிந்து, வகுப்பு முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஓட்டுநர் ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்கிறார். இந்தப் படிப்பில் எல்லோரும் எழுத வேண்டும். கிரஹாம் கிப்ஸ் 1988ல் வகுத்த ஆறு கேள்வி வரிசையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். என்ன நடந்தது? எனக்கு எப்படி இருந்தது? எது சரி, எது தப்பு? ஏன் அப்படி நடந்தது? வேறென்ன செய்திருக்கலாம்? அடுத்த முறை என்ன செய்வேன்?

அன்று அவர் எழுதியது அந்தப் பையனைப் பற்றி. நான்கு பேரில் ஒருவன். வயது 13. மாடிப்படியில் பார்த்துப் பேசினார். 'உனக்கு ஃபுட்பால் பிடிக்கலையா?' என்று கேட்கவில்லை. 'சனிக்கிழமை என்னடா பண்றே?' என்று மட்டும் கேட்டார். கொஞ்சம் தயங்கி, பிறகு சொன்னான். அம்மாவுக்கு இப்போது சனிக்கிழமையும் வேலை. ஆறு வயதுத் தங்கையை அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால் பசங்க கிண்டல் பண்ணுவாங்க. அதனால் நின்றுவிட்டான்.

'ஆர்வம் இல்லை' என்று மூன்று மாதமாகத் தான் சொல்லிவந்ததை, ஓட்டுநர் நோட்டில் எழுதி அடித்தார்.

சும்மா கிடைப்பதில்லை

இந்தப் படிப்பைப் பற்றி இனிப்பாக மட்டும் சொன்னால் தப்பு. வேலை, குடும்பம், படிப்பு, களப்பணி நான்கையும் இழுத்துக்கொண்டு ஓடுவது லேசில்லை. பாதியில் விடுகிறவர்கள் உண்டு. 20 வருடம் கழித்துக் கட்டுரை எழுதுவது சிலருக்குப் பெரும் பயம். படித்து முடித்தாலும் கைநிறையச் சம்பளம் என்று சொல்ல முடியாது. பல வேலைகள் வாரத்துக்குச் சில மணி நேரம்தான். 2010க்குப் பிறகு இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் இளைஞர் சேவைக்கான செலவைப் பெருமளவு வெட்டியதில், எத்தனையோ இளைஞர் மையங்கள் மூடப்பட்டன.

குடும்பம் கூட நின்றால்தான் இது நடக்கும். செவ்வாய்க்கிழமை இரவுச் சமையலை யார் பார்ப்பது, பரீட்சை வாரத்தில் பிள்ளைகளை யார் பள்ளியில் விடுவது என்பதை முதலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

நம் தெருவில்?

கபடிக் குழு, சிலம்பக் கூடம், கேரம் கிளப், வாலிபால் வலை, வியாசர்பாடியின் கால்பந்து என்று நம்மிடம் விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. இவற்றை நடத்துபவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்க்கும் அண்ணன்கள், அக்காக்கள்தான். ஸ்ரீபெரும்புதூரில் 1993ல் தொடங்கிய ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம், 2012ல் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் ஆனது. 2004 சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு உடற்கல்வி மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. காமன்வெல்த் அமைப்பு, வேலையில் இருக்கும் இளைஞர் பணியாளர்களுக்காகத் தொலைநிலை டிப்ளமோ ஒன்றை உருவாக்கி, உறுப்பு நாடுகள் பலவற்றில் நடத்தியது. படிக்க நினைப்பவர்கள் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வேலையோடு படிக்க முடியுமா? களப்பணி உண்டா? அதை மேற்பார்வை செய்ய ஆள் உண்டா?

படிப்பில் சேர முடியாதவர்களும் இந்த வாரமே செய்யக்கூடியவை உண்டு. வராமல் நின்றவர்கள் பெயரை எழுதி, ஒருவரையாவது போய்ப் பாருங்கள். ஒரு விதியையாவது பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்காதீர்கள். இரவில் நான்கு வரி எழுதிவையுங்கள்.

அடுத்த சனிக்கிழமை

ஓட்டுநரின் கதைக்கு வருவோம். 'தங்கச்சியையும் கூட்டிட்டு வாடா' என்று சொல்லியிருந்தார். அம்மாவிடமும் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். பையன் வந்தான். தங்கையைப் பார்த்ததும் மற்ற பசங்க முகம் சுளித்தார்கள். 'இவ எப்படி ஆடுவா, கோச்? ஓரமா உக்காரட்டும்.'

பழைய ஓட்டுநராக இருந்தால் ஒரு சத்தம் போட்டு அடக்கியிருப்பார். இப்போது விசிலைக் கீழே வைத்தார். 'நீங்களே சொல்லுங்க. இவளும் ஆடணும். ஆட்டமும் நல்லா இருக்கணும். என்ன செய்யலாம்?'

ஐந்து நிமிடம் கூச்சல். கடைசியில் ஒரு பையன் சொன்னான்: 'அவ பந்தைத் தொட்ட பிறகு விழற கோலுக்கு ரெண்டு கோல் கணக்கு!'

ஆட்டம் தொடங்கியது. ஆறு வயதுக் குட்டியைச் சுற்றி இரண்டு அணியும் 'இங்கே பாஸ் பண்ணு, இங்கே பாஸ் பண்ணு' என்று கத்திக்கொண்டு ஓடியது. அவள் அண்ணன் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினான்.

அன்றிரவு ஓட்டுநர் நோட்டில் எழுதினார்: 'இன்று 20 பேர். மீதி மூன்று பேரை இந்த வாரம் பார்க்க வேண்டும்.'